கோலாலம்பூரில் புரட்டாசி விரதம்: முதல்முறை இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புரட்டாசி பிறந்த முதல் வாரம் எல்லாரும் உற்சாகமாகத்தான் இருக்கிறார்கள். இரண்டாவது சனிக்கிழமை தாண்டும்போது சோர்வு தட்டுகிறது. மூன்றாவது வாரத்தில் "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்குப் பக்தி குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பெரும்பாலும் வரிசைதான் தவறியிருக்கும். முதலில் சாமி முன்னால் நின்று சங்கல்பம், அதாவது விரத உறுதிமொழி, செய்துவிடுவார்கள். அலுவலகத்தில் மதியம் என்ன சாப்பிடுவது என்பதை அப்புறம்தான் தேடத் தொடங்குவார்கள்.

இங்கே அந்த வரிசையை மாற்றிச் சொல்கிறேன். அடுப்படி, மதியச் சாப்பாடு, உறக்கம் மூன்றும் அமையட்டும். அதற்குப் பிறகே சங்கல்பம். ஆவணியின் கடைசி இரண்டு வாரம் இந்த ஆயத்தத்துக்குப் போதும்.

1. நாள்களைக் குறித்துவையுங்கள்

புரட்டாசி செப்டம்பர் 17 அல்லது 18ஆம் தேதி பிறக்கும், அக்டோபர் 17 வாக்கில் முடியும். அதற்குள் நான்கு சனிக்கிழமை வரலாம், ஐந்தும் வரலாம். உள்ளூர் நாள்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள். இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் திதிக் கணக்கு சில சமயம் இங்கே ஒரு நாள் மாறிப்போகும்.

மாளய அமாவாசையையும் இப்போதே பாருங்கள். 2026ல் அது அக்டோபர் 10, அதுவும் சனிக்கிழமை. காலையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அதே நாளில் பெருமாளுக்குத் தளிகையும் (சமைத்து வைக்கும் படையல்) போடுவது புதியவர்களுக்குப் பெரிய சுமை. அந்த ஆண்டு தளிகைக்கு வேறொரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

அப்புறம் வேலை நாள்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வெளியூர்ப் பயணம், அலுவலக விருந்து, கல்யாணம் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம். விருந்து மேசையில் உட்கார்ந்த பிறகு யோசித்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

2. உடம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்

மாதம் முழுக்கச் சைவம் சாப்பிடுவது பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொல்லையும் தராது. சனிக்கிழமை ஒருபொழுது, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, இருப்பது அப்படியல்ல. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள் எல்லாரும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது.

2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். அதனால் "எனக்கெல்லாம் இல்லை" என்று நினைப்பவர்களும் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

அரசாங்கக் கிளினிக்கில் தயங்காமல் சொல்லுங்கள். ரமலான் மாதத்துக்காக நோயாளிகளின் மருந்து நேரத்தை மாற்றிக்கொடுத்துப் பழகியவர்கள் நம் ஊர் மருத்துவர்கள். "வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளைதான் சாப்பிடுவேன்" என்றால் அவர்களுக்கு உடனே புரியும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பட்டினியில் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். மருந்தை நீங்களாகவே குறைக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம்.

விரத நாளில் நடுக்கம், குளிர் வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே சோதித்துப் பாருங்கள். சர்க்கரை அளவு 4 mmol/Lக்குக் கீழே இருந்தால் விரதம் அந்த நிமிடமே முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். பெருமாள் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

3. அளவை முடிவு செய்யுங்கள், வாக்குக் கொடுக்க வேண்டாம்

முதல்முறை இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாதம் முழுக்கச் சைவம், தினமும் ஒரு வேளை விளக்கு, ஒரே ஒரு சனிக்கிழமை தளிகை. ஒருபொழுது வேண்டாம். மாதம் முழுக்க முடியாத வேலை என்றால் சனிக்கிழமை மட்டும் சைவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விரதம்தான்.

பலர் சைவம், ஒருபொழுது, தரையில் படுக்கை, தினமும் கோவில், பூண்டு வெங்காயம் விலக்கல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்கிறார்கள். ஒன்றில் சறுக்கியதும் எல்லாமே போய்விட்டதாக மனம் உடைந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்தால், அடுத்த ஆண்டு இன்னொன்றைச் சேர்க்கலாம்.

முட்டை, பூண்டு, வெங்காயம் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முட்டையைப் பெரும்பாலான வீடுகளில் தவிர்ப்பார்கள். பூண்டு, வெங்காயத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். உங்கள் அம்மா அல்லது பாட்டி வீட்டில் எப்படியோ அப்படியே செய்யுங்கள். இணையத்தில் படித்த பத்து விதிகளைவிட அது எளிது, மனதுக்கும் நெருக்கம்.

4. அடுப்படியைத் தயார் செய்யுங்கள்

செப்டம்பர் 16 மலேசிய தினம், பொது விடுமுறை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ புரட்டாசி பிறந்துவிடும். இதைவிட வசதியான நாள் கிடைக்காது. ஆனால் குளிர்பெட்டியில் இருக்கும் கோழியையும் மீனையும் அதற்கு ஒரு வாரம் முன்பே சமைத்துத் தீர்க்கத் தொடங்குங்கள். கடைசி நாளில் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதும் தவறு, தூக்கிப்போடுவதும் தவறு.

வீட்டில் எல்லாரும் விரதம் இருக்க மாட்டார்கள். கணவரோ பிள்ளைகளோ அசைவம் சாப்பிடுவார்கள் என்றால் முன்கூட்டியே பேசி, ஒரு வாணலி, ஒரு கரண்டி, குளிர்பெட்டியில் மேல் தட்டு இவற்றை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். மேல் தட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சை இறைச்சி கீழே இருந்தால் அதன் நீர் உங்கள் காய்கறிமேல் சொட்டாது. வீட்டில் யாரையும் வற்புறுத்தி உங்களோடு சேர்க்க வேண்டாம். வேண்டாவெறுப்பாக இருக்கும் ஒருவர் தினமும் முகம் சுளித்தால் உங்கள் மனநிம்மதிதான் கெடும்.

பிறகு அலமாரியைப் பாருங்கள். துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை, அவல், வெல்லம், நல்லெண்ணெய், நெய், திரி. பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ ஒரே நடையில் வாங்கிவிடலாம். புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் போகாதீர்கள். துளசியும் பூவும் அன்று விலை ஏறியிருக்கும், கூட்டமும் நெரியும்.

5. மதியச் சாப்பாட்டை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்

இந்த மாதத்தில் விரதம் முறிவது பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்குத்தான். வீட்டில் எதுவும் தவறாது. வெளியில்தான் தவறும், அதுவும் தெரியாமலே. ஆகவே ஆவணிக் கடைசி வாரத்தில், இன்னும் எந்த வாக்கும் கொடுக்காத நிலையில், வேலை நாள்கள் முழுக்கச் சைவ மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கடைகளில் காய்கறி என்று தெரிவதெல்லாம் சைவம் இல்லை. கங்கோங் கீரையைப் பெலாச்சான் போட்டு வதக்குவார்கள், அது இறால் விழுது. நாசி லெமாக்கில் நெத்திலியை ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள், சம்பலிலேயே நெத்திலியோ பெலாச்சானோ கலந்திருக்கும். சீனர் கலப்புச் சோற்றுக் கடையில் பளபளவென்று இருக்கும் புரோக்கோலியில் சிப்பி சாஸ் இருக்கலாம். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) டால்ச்சாவில் ஆட்டெலும்பு போட்டு வேகவைக்கும் வழக்கம் உண்டு. சில கடைகளில் ரொட்டி சானாய் மாவில் முட்டை சேர்ப்பார்கள். மஞ்சள் மீயிலும் முட்டை இருக்கலாம். குருப்போக் பெரும்பாலும் மீன் அல்லது இறால்.

கேட்கும் விதமும் முக்கியம். "இறைச்சி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், அது உண்மையும்கூட. இறாலையும் நெத்திலியையும் அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "பெலாச்சான் இருக்கா, நெத்திலி இருக்கா, முட்டை இருக்கா, சிப்பி சாஸ் இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஹலால் முத்திரையைப் பார்த்துச் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். ஹலால் ஜெலட்டின் என்பது பெரும்பாலும் மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்தது. ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மல்லோ, சில வகைத் தயிர், மருந்து மாத்திரைக் கூடு இவற்றில் வரும். மிட்டாய் விஷயத்தில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். மாத்திரைக் கூட்டில் ஜெலட்டின் இருக்கிறதே என்று மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

சீனர் சைவக் கடைகள் பெரிய உதவி. பௌத்த வழக்கப்படி நடத்தும் கடைகளில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. ஆனால் முட்டை சேர்க்கும் கடைகள் உண்டு, கேளுங்கள். சில ஆண்டுகளில் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் புரட்டாசியோடு சேர்ந்து வரும், 2026ல் அது அக்டோபர் 10இல் தொடங்குகிறது. அந்த ஒன்பது நாளும் அம்பாங் வட்டாரத்தில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் நிறைய முளைக்கும். நம்மைப் போலவே அவர்களும் விரதத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது மனதுக்குத் தெம்பாக இருக்கும்.

போலி இறைச்சியைத் தினமும் சாப்பிடாதீர்கள். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த போலிக் கோழியில் உப்பும் எண்ணெயும் கூடுதல். நாக்கு கோழியை மறக்கவும் விடாது.

எல்லாவற்றையும்விட எளிய வழி கட்டுச்சோறு. வாரத்தில் மூன்று நாளாவது வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். அதில் புரதம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் வாக்கில் கிடைக்கும். வேகவைத்த கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 18 கிராம் வரை, கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 14 கிராம் வரை, ஒரு குவளைப் பாலில் 8 கிராம். சாம்பாரில் மிதக்கும் நாலு பருப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தெம்பே மலிவு, எந்தப் பாசாரிலும் கிடைக்கும், நம் மிளகாய்த் தூள் போட்டு வறுவல் செய்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

சாப்பிட்டதும் தே தாரிக் குடிக்கும் பழக்கத்தை இந்த மாதம் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கும். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டில் எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாக ஏறும்.

சைவ மாதத்தில் எடை கூடுகிறது என்று சொல்பவர்கள் பலர். தட்டைப் பார்த்தால் காரணம் தெரியும். மீன் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், கூடுதலாக ஒரு கரண்டிச் சோறு. மீன் இருந்த இடத்தில் பருப்போ தெம்பேயோ டோஃபுவோ வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

6. எழும் நேரத்தைப் பழக்குங்கள்

காலை நான்கரைக்கு எழ வேண்டும் என்று கேள்விப்பட்டு அதையே இங்கேயும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு தமிழ்நாட்டுச் சூரியனுக்கு. கோலாலம்பூரில் செப்டம்பர் கடைசியில் சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில்தான். பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்குகிறது, அதாவது இங்கே ஏறக்குறைய ஐந்தரை மணி. வேலைக்குப் போகும் எவருக்கும் இது எட்டக்கூடிய நேரம்.

ஒரே நாளில் மாற்றாமல், ஆவணிக் கடைசி வாரத்தில் தினமும் கால் மணி நேரம் முன்னதாகப் படுங்கள். படுக்கும் நேரத்தைச் சரி செய்யாமல் எழும் நேரத்தை மட்டும் மாற்றினால் மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு உடம்பு காட்டும் நன்றி, பட்டினிக்குக் காட்டுவதைவிடப் பெரிது.

7. இப்போது சங்கல்பம்

மதியச் சாப்பாடு அமைந்துவிட்டது, எழும் நேரம் பழகிவிட்டது. சரி, இனி சாமி முன்னால் நிற்கலாம்.

முதல் நாள் காலை குளித்து, விளக்கேற்றி, உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள். எதை விலக்குகிறீர்கள், எத்தனை நாள், எதற்காக என்று மூன்றும் அதில் இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்வதற்குக் காரணம், மனதுக்குள் நினைத்தது நாளடைவில் உருமாறிவிடும். ஒரு தாளில் எழுதிச் சாமி அறையில் வைப்பதும் நல்லது.

"எதற்காக" என்பதில் நேர்மையாக இருங்கள். வேலை கிடைக்க வேண்டும், பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. நெடுநாள் கோவில் பக்கமே போகாமல் இருந்துவிட்டு இப்போது திரும்பி வருபவர்கள் "மறுபடி உன் பக்கம் வர ஒரு வழி கொடு" என்று கேட்டால் அதுவே நிறைந்த வேண்டுதல்.

8. தினமும் பத்து நிமிடம்

ஒரு விளக்கு, ஒரு துளசி இலை, ஒரு பாட்டு அல்லது நாமம். அவ்வளவுதான் தினசரி. திருப்பல்லாண்டு பன்னிரண்டே பாசுரம், நிதானமாகச் சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். படிக்கச் சிரமம் என்றால் "ஓம் நமோ நாராயணாய" 108 முறை போதும். நீளமாக ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே போவதைவிடச் சிறிதாக ஆரம்பித்து அப்படியே நிலைக்க வைப்பது மேல். பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள். அந்த அமைதியை எழுந்து ஓடும் அவசரத்தில் பலர் இழந்துவிடுகிறார்கள்.

அடுக்குமாடி வீட்டில் விளக்கை வைக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள், திரைச்சீலைக்குத் தள்ளி வையுங்கள், பித்தளைத் தட்டின்மேல் வையுங்கள். எரியும் விளக்கை விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். வாடகை அறையில் இருந்தால் உடன் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பால்கனியில் துளசித் தொட்டி வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இது மழை கூடும் காலம், தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே சனிக்கிழமைதோறும் தட்டைக் கழுவித் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. தட்டில் மணல் நிரப்பிவிட்டால் இன்னும் நல்லது. கொசுப் பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபராதம் உண்டு என்பது ஒருபுறம், டெங்கி வந்தால் வீடே படுத்துவிடும் என்பது மறுபுறம். மழை பெய்த நாளில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேர் அழுகிவிடும்.

9. தளிகை போடும் சனிக்கிழமை

எல்லாச் சனிக்கிழமையும் தளிகை போட முயல வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்ற சனிக்கிழமைகளில் சர்க்கரைப் பொங்கலோ சுண்டலோ ஏதாவது ஒன்று படைத்தால் போதும்.

சிறிய சமையலறைக்கு நான்கு பதார்த்தம் சரியாக இருக்கும்: சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல். கடலையை வெள்ளி இரவே ஊறவைத்துவிடுங்கள். புளிக்காய்ச்சலையும் வெள்ளியன்றே காய்ச்சி வைக்கலாம், அடுத்த நாள் சாதம் வடித்துக் கலந்தால் வேலை முடிந்தது. இதைச் செய்யாதவர்கள் சனிக்கிழமை காலை பதினோரு மணிவரை அடுப்பில் நின்று, பூஜைக்கு உட்காரும்போது களைத்துப்போயிருப்பார்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மாவிளக்கில். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு ஈரம் போனதும் அரைத்துச் சலிக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் மழை நாளில், அரிசி சீக்கிரம் உலராது. மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள். ஒரு கிண்ணம் மாவுக்கு முக்கால் கிண்ணம் பொடித்த வெல்லம், ஏலக்காய் சிறிது. வெல்லத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மாவின் ஈரத்தில் வெல்லம் தானாகவே இளகிப் பிடிபடும். தண்ணீர் ஊற்றியவர்களின் விளக்கு நெய் விட்டதும் சரிந்து ஒழுகும். கடையில் வாங்கும் உலர்ந்த மாவாக இருந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி பால் தெளிக்கலாம். வறுத்த மாவு வேண்டாம்.

நடுவில் குழித்து, நெய் விட்டு, திரி போட்டு ஏற்றுங்கள். "கோவிந்தா, கோவிந்தா" என்று வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். விளக்கு தானாக மலையேறும்வரை இருங்கள், ஊதி அணைக்க வேண்டாம். பிறகு மாவைப் பிரித்துக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சுண்டு விரல் அளவு பிரசாதமே பிரசாதம்.

கோவிலுக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள். ஜாலான் காசிப்பிள்ளையில் உள்ள லட்சுமி நாராயணா கோவில், பத்துமலை அடிவாரத்து வேங்கடாசலபதி கோவில், கொஞ்சம் தள்ளி கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோவில் மூன்றுமே புரட்டாசிச் சனிக்கிழமையில் பார்க்க வேண்டிய இடங்கள். பத்துமலைக்கும் கிள்ளானுக்கும் கேஎல் சென்ட்ரலில் இருந்து கேடிஎம் கொமுட்டர் உண்டு. கிள்ளானில் கூட்டம் மிக அதிகம். முதியவர்களை அழைத்துப்போகிறவர்கள் வேலை நாள் ஒன்றில் போய் வாருங்கள், தரிசனம் நிம்மதியாகக் கிடைக்கும்.

10. மழைக்கும் புகைமூட்டத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்

செப்டம்பர் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்கிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்வரை காற்று திசை மாறும் காலம். பிற்பகலில் இடியோடு கூடிய மழை வழக்கமாகிவிடும். மாலைக் கோவில் திட்டங்களைக் காலைக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

கோவிலில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தால் வீட்டில் கால் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடையுங்கள். சேற்றுப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். நீரிழிவு உள்ளவர்கள் உள்ளங்காலையும் தினமும் பார்க்க வேண்டும், சிறு கீறல்கூட அவர்களுக்கு வலிக்காமல் பெரிதாகலாம்.

மழை பிடிப்பதற்கு முந்தைய வாரங்களில் சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, நாம் ஐபியு என்று சொல்வது, 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. அன்று கோவிலுக்கு நடந்து போவதை விடுங்கள். முக்கியமாக, சன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் சாம்பிராணியும் ஊதுபத்தியும் கற்பூரமும் ஏற்றாதீர்கள். வெளியே இருக்கும் புகை போதாதென்று உள்ளேயும் சேர்த்துக்கொள்வதாகிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அன்று ஒரு சிறு நெய் விளக்கு மட்டும் போதும்.

11. நடுவில் தடைபட்டால்

தெரியாமல் அசைவம் வாயில் பட்டுவிட்டால் வாயைக் கொப்பளித்து, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். மாதமே கெட்டுவிட்டது என்று அன்றிரவே கோழி வாங்கச் சொல்வது மனச்சோர்வின் குரல், அதற்குச் செவி கொடுக்க வேண்டாம்.

மாதவிலக்கு நாள்களில் விளக்கேற்றுவது பற்றி உங்கள் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுங்கள். சாப்பாட்டு விரதம் அதனால் முறிவதில்லை. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் பூஜையும் தளிகையும் நிற்கும், சைவம் தொடரலாம். காய்ச்சல் வந்தால் ஒருபொழுதை உடனே விடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் டெங்கிச் சோதனை செய்துவிடுங்கள். பட்டினியின் அசதி என்று நினைத்து நாளைக் கடத்திவிட்டுத் தாமதமாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

12. முடிக்கும் விதம்

கடைசி நாள் விளக்கேற்றி, எழுதி வைத்த தாளை எடுத்துப் படித்து, நன்றி சொல்லுங்கள். முடிந்த அளவு அரிசியோ பருப்போ கோவில் அன்னதானத்துக்குக் கொடுங்கள்.

ஐப்பசி முதல் நாளே ஆட்டிறைச்சிப் பிரியாணிக்குப் போகாதீர்கள். ஒரு மாதம் இலேசான சாப்பாட்டுக்குப் பழகிய வயிறு, கொழுப்பு மிகுந்த இறைச்சியைத் தாங்காமல் உப்பிசம், வயிற்றுப்போக்கு என்று தொல்லை தரும். முதலில் ஒரு மதிய வேளை கொஞ்சம் மீன் அல்லது முட்டை, இரண்டு நாள் கழித்து மற்றவை. 2025ல் தீபாவளி அக்டோபர் 20 என்பதால் இந்த இடைவெளிக்கே நேரம் இல்லாமல் போனது. 2026ல் நவம்பர் 8 என்பதால் மூன்று வாரம் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த மாதம் பழகியவற்றில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை விளக்காக இருக்கலாம், சனிக்கிழமைச் சைவமாக இருக்கலாம், கைப்பேசி இல்லாத படுக்கையறையாகவும் இருக்கலாம். எது விட்டுப்போனால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ அதையே தேர்ந்தெடுங்கள்.

விரதத்துக்காக மருத்துவர் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொடுத்திருந்தால், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும் முன்பே கிளினிக்கில் தேதி வாங்கிவிடுங்கள். அந்த மாதத்துச் சர்க்கரை அளவுகளை எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.